பதினெட்டு சதவீத மருதாள்

தேர்தலில் தோற்றுவிட்டு அழுகிறவர்களைச் சுப்பாத்தாள் நிறையப் பார்த்திருக்கிறாள். தேர்தல் வருவதற்கு முன்பே தோற்றுவிட்டு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்ட வேட்பாளரை அன்றைக்குத்தான் முதன்முறையாகப் பார்த்தாள்.

வந்தவள் பெயர் மருதாள். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டும் டைலர். 1996 உள்ளாட்சித் தேர்தலில், பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு ஒன்றில் தொழிலாளர் சங்கம் அவளை நகராட்சிக் கவுன்சிலர் பதவிக்கு நிறுத்தியிருந்தது. அவள் மேஜைமேல் விரித்த வாரப் பத்திரிகையின் பெயர் 'பனியன் நகர் முரசு'. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில், 'மாபெரும் மக்கள் கருத்துக்கணிப்பு: அமராவதி 82 சதவீதம், மருதாள் 18 சதவீதம்' என்று இருந்தது.

"இந்த அமராவதியம்மா ஊட்டுக்காரர் சாயப்பட்டறை வச்சிருக்கறாருங்க," என்றாள் மருதாள். "எங்க தெருவுல போர்வெல் தண்ணி ஒரு நாளைக்குச் செவப்பா வருது, ஒரு நாளைக்குப் பச்சையா வருது. அதைக் கேக்கோணும்னுதான் நின்னனுங்க."

"தண்ணியப் பாத்தே இன்னிக்குப் பட்டறையில என்ன கலர் ஓடுதுன்னு சொல்லிரலாம் போல," என்றான் மூலையிலிருந்த மொக்கைச்சாமி.

"சொல்லிக்கிட்டுத்தானுங்க இருக்கறோம்," என்றாள் மருதாள். அவள் சிரிக்கவில்லை.

மொக்கைச்சாமி சாத்தூர்ப் பக்கமிருந்து பனியன் தைக்க வந்தவன். வாய் ஓயாத காரணத்தால் மூன்று கம்பெனிகள் அவனை வெளியே அனுப்பின. கடைசியில், பேசினாலும் சம்பளம் தருகிற ஒரே இடமான 'சுப்பாத்தாள் துப்பறியும் நிலைய'த்தில் உதவியாளனாக ஒட்டிக்கொண்டான். சுப்பாத்தாள் முன்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, பனியன் குடோன்களில் தீ தானாகப் பிடித்ததா, யாராவது பிடிக்க வைத்தார்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தவள். அந்த வேலையை விட்டுவிட்டு பேக்கரி மாடியில் தனியாகப் போர்டு மாட்டியதும், ஊர் அவளுக்குத் துப்பு சுப்பக்கா என்று பெயர் வைத்துவிட்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை, இலவச விளம்பரம்தானே.

"பேப்பர் வந்தா வந்துட்டுப் போகட்டும் அம்மிணி. அதனால என்ன கெட்டுப்போச்சு?" என்றாள் சுப்பாத்தாள்.

"எல்லாமே கெட்டுப்போச்சுங்க. போஸ்டர் ஒட்ட வர்றேன்னு சொன்னவங்க வரல. டீக்கடையில என்னைப் பாத்தாப் பாவமா ஒதுங்கறாங்க. சங்கத் தலைவர் மாரப்பண்ணன் இன்னைக்குச் சாயங்காலம் கூட்டம் போட்டிருக்கறாரு. தோத்துக் கேவலப்படறதுக்கு, இப்பவே அமராவதியம்மாளுக்கு ஆதரவுன்னு அறிக்கை குடுத்து ஒதுங்கிக்கலாம்ங்கறாரு. ஒதுங்கினா தெருவுக்கு ஒரு குழாய் போட்டுத் தர்றமின்னு அவங்க பக்கம் சொல்லீருக்காங்களாம்."

"நான் என்ன பண்ணோணும்?"

"இது பொய்யின்னா பொய்யின்னு கண்டுபுடிச்சுச் சொல்லுங்கக்கா. நெசமின்னா அதையும் சொல்லிப்போடுங்க. சனங்களுக்கு நான் வேண்டாமின்னா நானே ஒதுங்கிக்கறனுங்க."

சுப்பாத்தாளுக்கு அந்தக் கடைசிப் பேச்சு பிடித்துப்போயிற்று. அவளிடம் வருகிற கட்சிக்காரர்கள் பெரும்பாலும், எந்த உண்மை வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் படியேறுவார்கள். இவள் எது வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"சாயங்காலக் கூட்டத்துக்கு நான் வர்றேன். அதுவரைக்கும் ஒரு அறிக்கையிலயும் கையெழுத்துப் போடாதீங்க," என்றாள்.

பத்திரிகை அலுவலகம் ஓர் அச்சகத்தின் பின்னறை. ஆசிரியர், நிருபர், பிழை திருத்துபவர், சைக்கிளில் பேப்பர் போடுகிறவர் ஆகிய நால்வரும் அங்கே இருந்தார்கள். நால்வருக்கும் ஒரே பெயர்தான், நல்லான்.

"அமராவதியம்மா ஊட்டுல எம்புட்டு வாங்குனீக?" என்று மொக்கைச்சாமி நேராக விஷயத்துக்கு வந்தான்.

நல்லானின் முகம் தொங்கிவிட்டது. "என்னுங்க இப்படிக் கேக்கறீங்க. நானே மருதாளம்மாவுக்கு ஓட்டுப் போடறதாத்தான் இருந்தனுங்க. அந்த எண்பத்திரண்டை அச்சுக் கோக்கும்போது எனக்கே மனசு கேக்கலீங்க. ஆனாப் பத்திரிகை தர்மமின்னு ஒண்ணு இருக்குதில்லீங்க?"

சுப்பாத்தாள் அவனைக் கூர்ந்து பார்த்தாள். தீ வைத்தவர்கள் எல்லாம் முதலில் தர்மத்தைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் இவன் பொய் சொல்கிறவனாகத் தெரியவில்லை, பொய் சொல்லத் தெரிந்திருந்தால் பத்திரிகை இன்னும் கொஞ்சம் நன்றாக விற்றிருக்கும்.

"எப்படிக் கணிச்சீங்க?" என்றாள்.

நல்லான் உற்சாகமாகி ஒரு பெரிய துணிப்பையை எடுத்து வந்தான். வாய் முழுவதும் தைத்து, கை நுழையும் அளவுக்கு மட்டும் கிழித்துவிட்ட பை. "பேப்பர்ல டிக் அடிக்கச் சொன்னா மேஸ்திரி பாத்துருவாருன்னு பயப்படுவாங்க. வாயால சொல்லச் சொன்னா அதைவிடப் பயம். அதனால துணி. வெள்ளைன்னா மருதாளம்மா, கத்தரிப்பூ நெறம்னா அமராவதியம்மா. ஆளுக்கு ரெண்டையும் கையில குடுத்துருவேன். கையைப் பைக்குள்ள உட்டு, புடிச்சவங்க துணியை உள்ள போட்டுட்டு மத்ததைக் கைக்குள்ள மூடி எடுத்துட்டுப் போயிரலாம். யாரு எதைப் போட்டாங்கன்னு எனக்கே தெரியாதுங்க. மூணு கம்பெனி வாசல்ல நின்னு, அறுநூறு பேரு."

பையை அவிழ்த்துத் தரையில் கொட்டினான். கத்தரிக்காய்க் கூடையில் நாலு பூண்டு உருண்டதுபோல, கத்தரிப்பூ நிறக் குவியலுக்குள் அங்கங்கே வெள்ளை தெரிந்தது. சுப்பாத்தாள் அள்ளிப் பார்த்தாள். யாரும் கொத்தாக உள்ளே திணித்த மாதிரி இல்லை. ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு விதமாகக் கசங்கியிருந்தது. அறுநூறு கைகள் கசக்கிய அறுநூறு துண்டுகள்தான்.

"நீங்களே ஒருக்காப் போட்டுப் பாருங்க," என்று மொக்கைச்சாமியின் கையில் இரண்டு துண்டுகளைத் திணித்தான் நல்லான். மொக்கைச்சாமி, வாக்குச்சாவடிக்குள் நுழைகிற கௌரவத்தோடு பைக்குள் கையை விட்டான், எடுத்தான், கும்பிட்டான்.

"வாழ்க சனநாயகம். வாங்கக்கா, போவம்."

வெளியே வந்தபோது சுப்பாத்தாளின் மனசு கனத்தது. தில்லுமுல்லு எதுவும் இல்லை. மருதாளிடம் போய், நிஜம்தான் அம்மிணி, சனங்களுக்கு உன்னை வேண்டாமாம் என்று சொல்ல வேண்டியதுதான். அதை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்தபடி மொபெட் அருகே நின்றாள். மொக்கைச்சாமி வண்டிக் கண்ணாடியில் படிந்திருந்த தூசியை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மொக்கை, இப்ப உள்ள யாருக்கு ஓட்டுப் போட்டே?"

"இதென்ன கேள்விக்கா. மருதாளக்காவுக்குத்தான்."

"கையில என்ன?"

அவன் குனிந்து பார்த்தான். கையில் இருந்தது வெள்ளைத் துணி. அப்படியென்றால் பைக்குள் போனது கத்தரிப்பூ. சுப்பாத்தாளுக்கு நினைவு தெரிந்து அவன் வாய் தானாக மூடிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"கண்ணாடி தொடைக்க வெள்ளைதானக்கா தோது," என்றான் கடைசியில், சுருதி இறங்கி. "கத்தரிப்பூ சாயம் போகும். அதான் கை அதுபாட்டுக்கு வெள்ளைய எடுத்துக்கிருச்சு. ஆனா என் மனசு மருதாளக்கா பக்கந்தான், சத்தியமா."

"உன் மனசை நல்லான் எண்ணலையே. நீ வேண்டாம்னு உட்ட துணியைத்தானே எண்ணியிருக்கறாரு."

"அப்ப கேஸு முடிஞ்சுதாக்கா?"

"ஒரே ஒரு ஆளை வச்சு முடிவு பண்றதா இருந்தா நாமளும் ஒரு பத்திரிகை ஆரம்பிச்சரலாம். உள்ள போயி அந்தப் பையையும் மிச்சத் துணியையும் வாங்கிட்டு வா. அப்படியே அந்தத் துணி எங்கிருந்து வந்துச்சுன்னும் கேளு."

அவன் பை நிறையத் துணியோடும், அருள்புரத்தில் கன்னையன் என்பவரின் பனியன் வேஸ்ட் குடோன் என்ற விலாசத்தோடும் திரும்பினான். சுப்பாத்தாள் வண்டியை முதலில் கம்பெனி கேட்டுக்கு விடச் சொன்னாள். டீ டைம் மணி அடித்து, ஆட்கள் கும்பலாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

டீக்கடை முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றான் மொக்கைச்சாமி. "பெரியோர்களே, தாய்மார்களே, இந்த வட்டாரத்துல சிறந்த பலகாரம் பஜ்ஜியா, போண்டாவா? ரகசிய வாக்கெடுப்பு. வெள்ளைத் துணி போண்டா, கத்தரிப்பூ பஜ்ஜி. புடிச்சதைப் பைக்குள்ள போடுங்க, மத்தது உங்களுக்கு. பரிசு எதுவும் கிடையாது, அதனால சண்டை போடாம வாங்க."

சிரித்துக்கொண்டே வரிசையில் வந்தார்கள். கும்பல் கலைந்ததும் பையைக் கொட்டினான். எங்கு பார்த்தாலும் கத்தரிப்பூ.

"பஜ்ஜி அமோக வெற்றி. போண்டா டெபாசிட் காலி."

டீக்கடைக்காரர் இதைக் கேட்டதுதான் தாமதம், போண்டா மாவை மூடி ஓரம் கட்டிவிட்டு வாழைக்காய் சீவ ஆரம்பித்தார். ஓர் ஆள் வந்து போண்டா கேட்டார். இன்னோர் ஆள் வந்து போண்டா கேட்டார். மூன்றாவது ஆள், "ஏனுங்க, இன்னைக்குப் போண்டா இல்லீங்களா?" என்று முகம் சுளித்தார்.

"ஊரே பஜ்ஜிங்குது, நீங்க மட்டும் போண்டாங்கறீங்க," என்றார் கடைக்காரர், வந்தவர் நாக்கில்தான் ஏதோ கோளாறு என்பதுபோல.

அடுத்த கும்பல் வந்தது. சுப்பாத்தாள் கண்ணைக் காட்ட, மொக்கைச்சாமி மாற்றிச் சொன்னான். இந்தத் தடவை வெள்ளை பஜ்ஜி, கத்தரிப்பூ போண்டா. மறுபடியும் பையைக் கொட்டினால் கத்தரிப்பூக் குவியல். போண்டா அமோக வெற்றி. கடைக்காரர் சீவிய வாழைக்காயையும் மூடிய மாவையும் மாறி மாறிப் பார்த்தார். அன்றைக்கு அவர் மொக்கைச்சாமியைத் திட்டிய திட்டு கொங்கு நாட்டு மரியாதைக்குக் கொஞ்சமும் பொருந்தாதது. எல்லாவற்றுக்கும் கடைசியில் 'ங்க' மட்டும் இருந்தது.

கும்பலில் ஒருத்தி வெள்ளைத் துண்டை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். சுப்பாத்தாள் நிறுத்திப் பெயர் கேட்டாள். முத்துப்பேச்சி, அருப்புக்கோட்டைப் பக்கம், சிங்கர் மிஷின் டைலர்.

"எங்க ஊர்க்காரகளா? அப்ப உண்மையச் சொல்லிருவாக," என்றான் மொக்கைச்சாமி.

"என்னத்த உண்மை," என்றாள் முத்துப்பேச்சி. "மிஷின் ஆயில் ஒழுகும்க்கா. ஒரு சொட்டு வெள்ளைப் பீஸ்ல பட்டுச்சுன்னா செக்கிங்ல திருப்பி மூஞ்சில எறிஞ்சிருவாக. கலர்த் துணியால தொடைச்சா சாயம் ஏறிப்போகும். வெள்ளை வேஸ்ட்டு விலை போகும்னு கம்பெனில மூட்டை கட்டிப் பூட்டி வச்சிருவாக, எங்களுக்குத் தரமாட்டாக. ஓசில கெடைச்சா விடுவமா?"

"போன வாரம் பத்திரிகைக்காரர் வந்தப்பவும் வெள்ளையைத்தான் எடுத்துட்டீங்களா?"

"ஆமா. இன்னிக்கு வரைக்கும் அதான் ஓடுது."

"வர்ற தேர்தல்ல ஓட்டு யாருக்கு?"

முத்துப்பேச்சி தலையைச் சொறிந்தாள். "மருதாளக்காவுக்குத்தான் போடணும்னு இருந்தேன். நல்ல அக்கா. ஆனா பேப்பர்ல பதினெட்டுன்னு போட்ருக்கே. ஊரே அந்தம்மா பக்கம் நிக்கிறப்ப நா ஒருத்தி போட்டு என்ன ஆகப்போகுது? ஓட்டை எதுக்கு வீணாக்கணும்?"

"முத்துப்பேச்சி, அந்த எண்பத்திரண்டுல நீங்களும் ஒருத்தர். வெள்ளையை எடுத்துட்டுக் கத்தரிப்பூவை உள்ள போட்டீங்கள்ல. அதைத்தான் ஊருன்னு சொல்லி உங்களுக்கே திருப்பிக் குடுத்திருக்கறாங்க."

முத்துப்பேச்சி இடுப்பிலிருந்த துணியைத் தொட்டுப் பார்த்தாள். "அடப்பாவமே," என்றாள் மெதுவாக. "நா துணியத்தானக்கா எடுத்தேன்."

அருள்புரத்துக்கு வண்டி போகும்போது மொக்கைச்சாமி கொதித்துக்கொண்டே வந்தான். "சாயப்பட்டறைக்காரர் மூளையப் பாத்தீகளா? துணியோட குணம் தெரிஞ்ச ஆளு. வெள்ளைய மருதாளக்காவுக்குத் தள்ளிவிட்டா ஒருத்தனும் உள்ள போடமாட்டான்னு கணக்குப் போட்டுருக்கார். அந்தக் குடோன்காரனப் புடிச்சு உலுக்குனா உண்மை உதிர்ந்துரும்."

சுப்பாத்தாளும் அப்படித்தான் நினைத்தாள். இவ்வளவு நேர்த்தியான தந்திரம் தற்செயலாக வராது என்பது அவள் அனுபவம். அனுபவமும் சில நாள் ஏமாற்றும்.

குடோனில் வேஸ்ட் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த கன்னையன், வந்தவர்களுக்கு எழுந்து இடம் கொடுத்தார்.

"நல்லானுக்குத் துணி குடுத்தது நீங்கதானுங்களா?" என்றாள் சுப்பாத்தாள்.

"ஆமாங்க. ஓசிக்குத்தானுங்க குடுத்தேன்."

"எந்த நெறம் யாருக்குன்னு சொன்னது யாரு?"

"நாந்தானுங்க."

மொக்கைச்சாமி சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தான். "யாரு சொல்லச் சொன்னா? பேரச் சொல்லுங்க."

"யாரு சொல்லோணும்? மருதாளு என் தங்கச்சிங்க."

கன்னையன் பெருமையோடு தொடர்ந்தார். "நல்லான் ரெண்டு கலரு குடுங்கன்னாரு. எங்க மருதாளுக்கு நாலு மூட்டையப் பிரிச்சு, சுத்தமான பிளீச் வெள்ளையா, கையகலத்துக்குக் குறையாமப் பொறுக்கிக் குடுத்தனுங்க. அந்தம்மாளுக்குத் தொட்டா ஒட்டற கத்தரிப்பூ சாயத் துணி. ஊருத் தண்ணியக் கெடுக்கறவங்களுக்கு அது போதும்னு. தங்கச்சிக்கு ஓட்டுக் கேக்க எனக்குப் பேச வராதுங்க. துணியாவது நல்லதாக் குடுக்கோணுமில்லீங்க?"

சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டான் மொக்கைச்சாமி. எத்தனையோ குற்றவாளிகளை முகத்துக்கு நேராகக் குற்றவாளி என்று சொன்ன சுப்பாத்தாளுக்கு, இந்த மனுஷனிடம் சொல்ல வாய் வரவில்லை. "கூட்டத்துக்கு வாங்க," என்று மட்டும் சொன்னாள்.

சங்கக் கொட்டகையில் ஐம்பது பேருக்குமேல் இருந்தார்கள். தலைவர் மாரப்பன் கையில் அறிக்கை தயாராக இருந்தது. மருதாள் ஒரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சுப்பாத்தாள் எழுந்து வெள்ளைத் துணி, மிஷின் ஆயில், பஜ்ஜி, போண்டா எல்லாவற்றையும் சொன்னாள். துணியைக் கொடுத்தது யார் என்று மட்டும் சொல்லவில்லை. சிரிப்பு கிளம்பி, கூடி, கொட்டகையே குலுங்கியது. மாரப்பன் அறிக்கையைக் கிழித்துப் போட்டார்.

"அப்பறமென்ன," என்றார் அவர். "கத்தரிப்பூ போட்டவங்க எல்லாம் நம்ம ஆளுங்க. எண்பத்திரண்டு நமக்கு, பதினெட்டு அவங்களுக்கு. இன்னைக்கே நோட்டீஸ் அடிச்சு ஊரெல்லாம் ஒட்டுங்க."

கைதட்டல் எழுந்தது. சுப்பாத்தாள் அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"இல்லீங்க. நீங்களும் அதே தப்பைத்தான் திருப்பிப் பண்றீங்க. அவங்க மிஷின் தொடைக்கத் துணி எடுத்தாங்க, அவ்வளவுதான். மருதாளுக்குப் போடறவங்களும் எடுத்திருப்பாங்க, அமராவதிக்குப் போடறவங்களும் எடுத்திருப்பாங்க."

"அப்ப அந்தப் பதினெட்டு?"

"நெசமாவே ஆதரவா இருக்கலாம். மிஷின் இல்லாத ஆளுங்களா இருக்கலாம். எனக்குத் தெரியாதுங்க. அந்தப் பைக்குள்ள உங்க ஜெயிப்பும் இல்ல, தோல்வியும் இல்ல."

கொட்டகையின் உற்சாகம் பொசுக்கென்று இறங்கியது. அப்போதுதான் கன்னையன் வாசலோரமிருந்து முன்னால் வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தான் செய்தது என்ன என்று அவருக்குப் புரிந்துபோயிருந்தது.

"கண்ணு, வெள்ளைய உனக்குன்னு எடுத்துக் குடுத்தது நாந்தான்," என்றார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மருதாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளாகத் தன்னைத் தலைகுனிய வைத்தவன் யார் என்று தேடிக்கொண்டிருந்தவள். அவள் கண் கலங்கியது, கூடவே சிரிப்பும் வந்துவிட்டது. "அழுகாதீங்கண்ணா. ஊருல ஒருத்தரும் கீழ போட மனசில்லாத துணியாப் பாத்துக் குடுத்திருக்கறீங்க. உங்களைக் கோவிச்சுக்கறதா?"

"நோட்டீஸுக்கு என்னம்மா பண்றது?" என்றார் மாரப்பன் பொறுமையிழந்து. "எத்தனை ஓட்டு வரும்னு சனங்க கேட்டா என்ன சொல்றது?"

"தெரியாதுன்னு சொல்லுங்க."

"அது என்ன பதிலு?"

"அதுதானுங்க நெசம். யாருக்குமே தெரியாதுன்னா, இனித்தான நான் போய்க் கேக்கோணும்?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். கன்னையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போனார். ஒருவர் பின் ஒருவராகப் பத்துப் பதினைந்து பேர் எழுந்தார்கள். மொக்கைச்சாமியும் நடந்தான். அவனுக்கு அந்த வார்டில் ஓட்டே கிடையாது.

தெருவில் முதல் வீடு, அமராவதியின் பட்டறையில் வேலை செய்கிறவரின் வீடு. அதைத் தாண்டிப் போய்விடலாம் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். மருதாள் நின்று கதவைத் தட்டினாள். மாவுக் கையோடு ஒரு பெண் வந்து திறந்து, கூட்டத்தைப் பார்த்து மிரண்டு, பிறகு மருதாளை அடையாளம் கண்டுகொண்டாள்.

"ஏனுங்க, நீங்க ஒதுங்கிட்டதாச் சொன்னாங்களே?"

"இல்லீங்க, நிக்கறனுங்க," என்றாள் மருதாள். "உங்க ஓட்டு யாருக்குன்னு எனக்குத் தெரியாது. அதான் கேக்க வந்தேன்."

அந்தப் பெண் தெருவின் இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மருதாள் உள்ளே வருவதற்குக் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள்.